ஃபேனாவும் ஃபேனும்

வெளியூர்ல குடும்பம் நடத்தறவங்களுக்கு அந்த ஊர் பாஷை எந்த வரிசையில வந்து சேரும்னு யோசிச்சிருக்கீங்களா? முதல்ல எண்கள். காய்கறிக்காரர்கிட்ட பேரம் பேசணுமே. அப்புறம் அரிசி, உப்பு, தண்ணி. அப்புறம் இடது, வலது, இங்கே நிறுத்துங்க. வீட்டு வேலைக்கு ஆள் கிடைச்ச பிறகு வாளி, விளக்குமாறு, "நாளைக்கு வருவீங்களா?". 'நுரை'ங்கற வார்த்தை இந்தப் பட்டியல்ல எங்கேயோ அடியில கிடக்கும். அது தெரியலைன்னா எந்தக் காரியமும் நிக்காது.

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க. சோப்புல ஆரம்பிச்சு சோத்துல போய் முடியும்.

நாங்க கல்கத்தா வந்தது 2004ல. (2001லயே பேர் கொல்கத்தா ஆயிடுச்சு. ஆனா நம்ம வாயில இன்னும் கல்கத்தாதான்.) லேக் மார்க்கெட் பக்கம் வீடு. அந்தப் பக்கம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம்: முருங்கைக்காய், வாழையிலை, காபிப்பொடி எல்லாம் கிடைக்கும். அதனாலயே பாஷை கத்துக்கறது ரெண்டு வருஷம் தள்ளிப் போயிடும்.

வங்காளியில சோப்பு நுரைக்கு 'ஃபேனா'ன்னு பேர். சோப்புக்கு 'சாபான்'. "இந்த சாபான்ல ஃபேனாவே வரலை"ன்னு மளிகைக் கடையில யாராவது ஒருத்தர் புகார் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. சவரம் பண்ற கடையில கன்னத்துல தடவறது ஃபேனா. கடல் அலை கரையில விட்டுட்டுப் போறது ஃபேனா. வலிப்பு வந்தவர் வாயில வர்றதும் ஃபேனா. இது வரைக்கும் நம்ம நுரை மாதிரியேதான்.

பேச்சு வழக்குக்கு வந்தா வித்தியாசம் தெரியும். நம்ம ஊர்ல "வாயில நுரை தள்ளிருச்சு"ன்னா வேலை செஞ்சு செஞ்சு ஓஞ்சு போயிட்டான்னு அர்த்தம். வண்டி மாடு நுரை தள்ளறதுலேர்ந்து வந்திருக்கும். இங்கே "வாயில ஃபேனா வந்துடுச்சு"ன்னா சொல்லிச் சொல்லிச் சலிச்சுப் போச்சுன்னு அர்த்தம். தமிழனுக்கு வேலை செஞ்சா நுரை, வங்காளிக்குப் பேசினா நுரை! (கல்கத்தா நண்பர்கள் கோவிச்சுக்க வேண்டாம். இதைச் சொல்லிச் சிரிச்சதே ஒரு வங்காளி நண்பர்தான்.) அதே மாதிரி 'ஃபேனானோ'ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு. நுரை வர வைக்கறதுன்னு நேர் அர்த்தம். சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்கிச் சொல்றதுக்கும் அதே வார்த்தைதான்.

கொஞ்சம் வேர்ச்சொல் பார்த்துடலாம். நம்ம 'நுரை' சுத்தமான திராவிடச் சொல். மலையாளத்துல நுர, கன்னடத்துல நொரெ, தெலுங்குல நுருகு. ஒரே குடும்பம்னு பார்த்தாலே தெரியுது. நுரையீரலுக்கு நாம வெச்ச பேரை யோசிச்சுப் பாருங்க. நுரை மாதிரி காத்து நிறைஞ்ச ஈரல். எவ்வளவு பொருத்தம்! ஃபேனா வடமொழி 'ஃபேன'லேர்ந்து வந்தது. குஜராத்தியில அது 'ஃபீண்'. பூந்திக்கொட்டைக்கு வடமொழியில 'ஃபேனில'ன்னு ஒரு பேர் உண்டு, அதாவது நுரைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில 'கடல்நுரை'ன்னு விக்கறாங்களே, அது கணவாய் மீனோட ஓடு. வடமொழியிலயும் அதுக்குப் பேர் 'சமுத்திர ஃபேன', அதே கடல்நுரைதான். அபினுக்குக் கூட 'அஹிஃபேன'ன்னு ஒரு பேர் வெச்சாங்க. அஹின்னா பாம்பு, பாம்பின் நுரை! உண்மையில அது அரபியில இருந்த 'அஃப்யூன்'ங்கற பேருக்குப் பக்கத்துல வர்ற மாதிரி வடமொழியில செஞ்சுக்கிட்ட வார்த்தை.

இந்திரன் நமுசியைக் கொன்ன கதையிலயும் இந்த நுரை வரும். ஈரமானதாலும் கொல்லக் கூடாது, உலர்ந்ததாலும் கொல்லக் கூடாதுன்னு வரம். இந்திரன் தண்ணி நுரையை எடுத்துக் கொன்னான். ரிக் வேதத்துலயே இதுக்குக் குறிப்பு இருக்கு. அது ரெண்டிலயும் சேராத வஸ்து. ஒண்ணுமே இல்லாத வஸ்துன்னும் சொல்லலாம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

'சாபான்' போர்த்துகீசியர் கொண்டு வந்த சொல்லுன்னு இங்கே பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்துல போட்டிருக்கும். அந்தப் பட்டியல்ல கூடவே வர்ற மத்த வார்த்தைகளைப் பார்த்தா நமக்கு ஊர் ஞாபகம் வந்துடும்: சாபி, ஆல்மாரி, ஆனாரஸ், ஜானாலா. நம்ம சாவி, அலமாரி, அன்னாசி, ஜன்னல்! ஒரே கப்பல்ல வந்து ரெண்டு துறைமுகத்துல இறங்கின வார்த்தைங்க. பதிலுக்கு நாம ஒண்ணு குடுத்து அனுப்பினோம், கஞ்சி. அது போர்த்துகீசியத்துல 'கான்ஜா' ஆச்சு, இங்கிலீஷ்ல 'காஞ்ஜி' ஆச்சு.

சோப்பு வர்றதுக்கு முன்னாடி இங்கேயும் நம்ம கதைதான். நம்ம ஊர்ல உவர்மண்ணும் வெள்ளாவியும்னா இங்கே 'சாஜிமாட்டி'ங்கற மண்ணும் வாழைச் சாம்பல் காரமும். பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டை. 1905ல கர்சன் வங்காளத்தை ரெண்டாப் பிரிச்சதும் சுதேசி இயக்கம் கிளம்பிச்சு. சீமைத் துணியோட சீமை சோப்பையும் ஒதுக்கினாங்க. உள்ளூர்ல சோப்பு செய்யறது ஒரு தேசபக்தி வேலையாவே ஆச்சு. வேதியியல் பேராசிரியர் பிரஃபுல்ல சந்திர ராய் 1901லயே பெங்கால் கெமிக்கலை ஒரு கம்பெனியா ஆக்கியிருந்தார். 1916ல ககேந்திர சந்திர தாஸும் நண்பர்களும் கல்கத்தா கெமிக்கல் கம்பெனியைத் தொடங்கினாங்க. அங்கே பிறந்ததுதான் வேப்பெண்ணெய் வாசம் அடிக்கற மார்கோ சோப்பு. சின்ன வயசுல வேர்க்குரு வந்தா நம்ம வீடுகள்ல தேய்ச்சு விட்ட அதே பச்சை சோப்பு. அது கல்கத்தா சரக்குன்னு எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

சரி, சோப்பு போதும். இப்ப சமையக்கட்டுக்குள்ள வாங்க.

எங்க வீட்டுல சமையலுக்கு ஒரு மாஷி வந்தாங்க. மாஷின்னா அம்மாவோட கூடப் பிறந்தவங்க, நம்ம சித்தி, பெரியம்மா. வீட்டு வேலைக்கு வர்ற வயசான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடணும். அவங்க தங்கமணியை 'பௌதி', அதாவது அண்ணின்னு கூப்பிடுவாங்க. வந்த முதல் வாரம், அடுப்புல சோறு வெந்துக்கிட்டு இருக்கறப்ப மாஷி கேட்டாங்க: "பௌதி, ஃபேன் ஃபேலே தேபோ?" ஃபேனைக் கொட்டிடட்டுமான்னு அர்த்தம். தங்கமணி நிமிர்ந்து, மேல சுத்திக்கிட்டு இருந்த மின்விசிறியைப் பார்த்தாங்க. மாஷியும் நிமிர்ந்து பார்த்தாங்க. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரிச்சாங்க.

மாஷி கேட்டது வடிச்ச கஞ்சியை. சோறு வடிச்ச கஞ்சிக்கு வங்காளியில 'ஃபேன்'னு பேர். எழுதறதும் சொல்றதும் மின்விசிறி மாதிரியேதான். ஆனா மின்விசிறிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது ஃபேனாவோட கூடப் பிறந்தது. ரெண்டுக்கும் தாய் அந்த வடமொழி 'ஃபேன'தான். உலை கொதிக்கறப்ப மேல பொங்கி வருதே நுரை, அதைப் பார்த்துத்தான் அந்தத் தண்ணிக்கே நுரைன்னு பேர் வெச்சிருக்காங்க.

பேர் வெச்சவங்க சரியாத்தான் பார்த்திருக்காங்க. வெறும் தண்ணியில குமிழி வந்தா உடனே உடைஞ்சிடும். சோப்பு கலந்தா அதோட மூலக்கூறுகள் குமிழியோட சுவர்ல வரிசையா நின்னு அதை உடையாம பிடிச்சுக்கும். பூந்திக்கொட்டையில இருக்கற சபோனினும் அதேதான் செய்யும். அரிசி வேகறப்ப மாவுச்சத்து கரைஞ்சு தண்ணி கெட்டியாகும், கொஞ்சம் புரதமும் சேரும். அதனால அங்கேயும் குமிழி நிக்கும். பானை பொங்கி அடுப்பை அணைக்கறது அதனாலதான். அழுக்கை எடுக்கறது நுரை இல்லைங்கறதும் இங்கே சொல்லிடறேன். அந்த வேலையைத் தண்ணியில கரைஞ்ச சோப்பு செய்யுது. இன்னும் சோப்பு மிச்சம் இருக்குன்னு நுரை அடையாளம் காட்டும், அவ்வளவுதான்.

ஆக, வங்காள வீட்டுல இந்த ஒரு சொல் ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு குளியலறைக்கும் ஒண்ணு சமையக்கட்டுக்கும் போச்சு. ரெண்டும் வெள்ளையா இருக்கும், ரெண்டும் பொங்கும், ரெண்டும் கடைசியில சாக்கடைக்குத்தான் போகும். துணி விஷயத்துல மட்டும் ரெண்டும் திரும்பச் சந்திக்கும். ஃபேனா போட்டுத் துவைச்ச பருத்திப் புடவையை ஃபேன்ல முக்கி விறைப்பாக்கி உலர்த்துவாங்க. நம்ம ஊர்ல கஞ்சி போட்ட வேட்டி மாதிரி.

'ஃபேனா பாத்'னு ஒரு சாப்பாடும் உண்டு. கஞ்சியை வடிக்காம குழைய வேக விட்ட சோறு. அதுல நெய் விட்டு, வேக வெச்ச உருளைக்கிழங்கைப் பிசைஞ்சு, உப்பு, பச்சைமிளகாய். காய்ச்சல்லேர்ந்து எழுந்தவங்களுக்கும் குளிர்காலக் காலையில பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்கும் கொடுப்பாங்க. வங்காளிகள் கண்ணை மூடி ரசிக்கற விஷயம் இது.

இதுவரைக்கும் வார்த்தை விளையாட்டு. இனிமே எழுதப் போறது வேற.

1943ல கல்கத்தா தெருக்கள்ல ஒரு குரல் கேட்டது. "ஃபேன் தாவ்". கஞ்சித்தண்ணி கொடுங்க. வீட்டு வாசல்கள்ல, சந்துகள்ல, பகல் சாப்பாட்டு நேரத்துல, ராத்திரியில. கிராமங்கள்லேர்ந்து நடந்து வந்தவங்க. பெரும்பாலும் பெண்கள், கையில தகரக் குவளையோ மண் சட்டியோ, இடுப்புல குழந்தை. அந்தப் பஞ்சத்தைப் பத்தி எழுதினவங்க, படம் வரைஞ்சவங்க, நாடகம் போட்டவங்க எல்லாருக்கும் இந்த ரெண்டு வார்த்தை தெரியும். இன்னைக்கும் ஒரு வங்காளிகிட்ட 'ஃபேன் தாவ்'னு சொன்னீங்கன்னா அது எந்த வருஷம்னு சொல்லிடுவாங்க.

பஞ்சம் எப்படி வந்ததுன்னு சுருக்கமாச் சொல்றேன். 1942 மார்ச்ல ரங்கூன் ஜப்பான்காரங்க கையில விழுந்தது. பர்மா அரிசி நின்னு போச்சு. (நம்ம ஆளுங்களுக்கு அந்த வருஷம் வேற விதத்துல ஞாபகம் இருக்கும். பர்மாவுல இருந்த தமிழர்கள் பல பேர் மலையும் காடும் தாண்டி நடந்தே இந்தியா வந்து சேர்ந்தது அப்பதான். உங்க குடும்பத்துல ஒரு 'பர்மா தாத்தா' இருந்திருந்தா கதை கேட்டிருப்பீங்க.) ஜப்பான்காரங்க கடல் வழியா வங்காளத்துக்கும் வந்துடுவாங்கன்னு பயந்த ஆங்கில அரசு, கரையோர மாவட்டங்கள்ல உபரி அரிசியை எடுத்துக்கிட்டது. பத்துப் பேருக்கு மேல ஏத்தக்கூடிய படகுகளையும் பறிமுதல் செஞ்சது இல்லைன்னா அழிச்சது. ஆறுகளே சாலைகளா இருக்கற ஊர்ல படகு போனா மீனவருக்கும் பிழைப்பு போச்சு, நெல் ஏத்தறவருக்கும் பிழைப்பு போச்சு. 1942 அக்டோபர் 16ல மேதினிப்பூர்ப் பக்கம் பெரும் புயல். 14,000 பேருக்கும் மேல செத்தாங்க, நெல் வயல்ல உப்புத்தண்ணி ஏறிச்சு.

இதுக்கு மேல விலை. யுத்தச் செலவுக்காகப் பணம் கொட்டிக்கிட்டே இருந்தது. பக்கத்து மாகாணங்கள் அரிசியை வெளியே விடலை. பதுக்கலும் சேர்ந்தது. 1942 டிசம்பர்ல கல்கத்தாவுல ஒரு மன் அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, மொத்த விலையில 13-14 ரூபாய். 1943 மார்ச்ல 21 ரூபாய். மே மாசம் 30ஐத் தாண்டிச்சு. ஆகஸ்ட்ல 37. கூலி ஆளோட சம்பளம் அப்படி ஏறுமா?

நகரத்துல கதை வேற. யுத்தத் தொழிற்சாலைக்காரங்களுக்கும் அரசாங்க ஊழியர்களுக்கும் கட்டுப்பாட்டு விலையில அரிசி கிடைச்சது. செத்தவங்க பெரும்பாலும் கிராமத்து நிலமில்லாக் கூலிகள், மீனவர்கள், படகுக்காரர்கள், கைத்தொழில்காரர்கள். நெல்லை விளைவிச்ச, சுமந்த கைகள். அரசாங்க விசாரணைக் குழு 1945ல கொடுத்த கணக்கு 15 லட்சம். அமர்த்தியா சென் 1981ல வந்த தன் புத்தகத்துல கிட்டத்தட்ட 30 லட்சம்னு கணக்குப் போட்டார். அவர் சொன்ன முக்கியமான விஷயம்: 1943ல வங்காளத்துல இருந்த உணவு 1941ஐ விடக் குறைவு இல்லை. 1941ல பஞ்சம் வரலை. அரிசி இருந்தது, வாங்கற சக்திதான் ஜனங்களுக்கு இல்லை. பஞ்சம் வந்தப்ப சென்னுக்கு ஒன்பது வயசு, சாந்திநிகேதன்ல தாத்தா வீட்டுல. பசின்னு வர்றவங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கத் தாத்தா அனுமதிச்சதை அவரே சொல்லியிருக்கார்.

அரசாங்கம் இதைப் பஞ்சம்னு முறைப்படி அறிவிக்கவே இல்லை. 1943 ஆகஸ்ட் 22ல 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் கல்கத்தா நடைபாதைப் படங்களைப் போட்ட பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது. அக்டோபர்ல வேவல் வைசிராயா வந்து ராணுவத்தை நிவாரணத்துக்கு இறக்கினார்.

வங்காளிகள் இதை 'பஞ்சாஷேர் மன்னந்தர்'னு சொல்லுவாங்க. அவங்க வருஷக் கணக்குல அது 1350, அதனால ஐம்பதின் பஞ்சம். நாம 1876ல வந்ததைத் தாது வருஷப் பஞ்சம்னு சொல்ற மாதிரியே. ஆங்கிலேயர் கணக்கு அவங்க அறிக்கையில இருக்கு. ஜனங்க தங்கள் பஞ்சத்தைத் தங்கள் பஞ்சாங்கத்துல குறிச்சு வெச்சுக்கறாங்க.

இப்ப அந்த ரெண்டு வார்த்தைக்குத் திரும்பி வர்றேன். 'ஃபேன் தாவ்'ஐத் தமிழ்ல எப்படிச் சொல்லுவீங்க? 'கஞ்சி ஊத்துங்க'ன்னு சொல்லிடலாம். அர்த்தம் சரி. ஆனா கனம் சரியா வராதுன்னு எனக்குப் பல வருஷமா ஒரு எண்ணம்.

ஏன்னா நமக்குக் கஞ்சி உணவு. "வயித்துக்குக் கஞ்சி ஊத்த ஒரு பிள்ளை இருக்கான்"னு சொல்லுவோம். "என் கஞ்சியை நான் குடிச்சுக்கறேன், உன் தயவு வேண்டாம்"னு ரோஷமாச் சொல்லுவோம். தாது வருஷத்துல கஞ்சித்தொட்டி திறந்தாங்க. கஞ்சி ஏழைச் சாப்பாடுதான், ஆனா சாப்பாடு. அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை இருக்கு. 'ஃபேன்'க்கு அது கிடையாது. அது நுரைங்கற பேர்லேர்ந்து வந்தது. வடிச்சுக் கீழ விடறது, மிஞ்சினா மாட்டுக்கு ஊத்தறது, புடவைக்குப் போடறது. அந்த ஜனங்க வாசல்ல நின்னு 'பாத்' கேக்கலை. சோறு கேட்டா யாரும் கொடுக்க மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும், அரிசி விலை அப்படி. அதனால நீங்க எதைத் தூக்கிக் கொட்டப் போறீங்களோ அதைக் கொடுங்கன்னு கேட்டாங்க. முன்னே சொன்னேனே, ஒண்ணுமே இல்லாத வஸ்துன்னு. அதைக் கேட்டாங்க. அதுவும் எல்லாருக்கும் கிடைக்கலை.

எங்க மாடி வீட்டுல ஒரு பாட்டி இருந்தாங்க. என் பிள்ளைங்க அவங்களை 'திதா'ன்னு கூப்பிடுவாங்க, அம்மா வழிப் பாட்டி முறை. 1943ல அவங்களுக்கு எட்டு வயசு, பவானிப்பூர்ல வீடு. அப்பாவுக்கு ஆபீஸ்ல அரிசி கொடுத்தாங்க, அதனால வீட்டுல பட்டினி இல்லை. அவங்க அம்மா சோறு வடிச்சதும் ஃபேன்ல ஒரு கல் உப்பு போட்டு, மண் சட்டியில பின்வாசல்ல வெப்பாங்களாம். முதல்ல வர்றவங்களுக்கு. ஒரு சட்டிக்கு ரெண்டு மூணு குடும்பம் வர ஆரம்பிச்சதும் சண்டை வந்தது. அதுக்கப்புறம் சாப்பாட்டு நேரத்துல தெருப்பக்கத்து ஜானாலாவை மூடிடச் சொல்லி அவங்க தாத்தா உத்தரவு போட்டார். "ஜானாலாவை மூடினா ஆள் தெரியாது, குரல் கேக்கும்"னு திதா சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. நாங்களும் மேல கேக்கலை.

அவங்க வீட்டுல கடைசி வரைக்கும் ஃபேனைச் சாக்கடையில கொட்டினதில்லை. புடவைக்குப் போடுவாங்க, பருப்புல சேர்ப்பாங்க, மீந்தா தெரு மாட்டுக்கு. தங்கமணி குக்கர்ல சோறு வைக்கறதைப் பார்த்துட்டு ஒரு நாள், "இதுல ஃபேன் எங்கே போகுது?"ன்னு கேட்டாங்க. சோத்துக்குள்ளேயே நின்னுடும்னு தங்கமணி சொன்னதும், "அப்ப நல்லது"ன்னாங்க. 2012ல தவறிட்டாங்க.

கலைஞர்களும் இந்தக் குரலை விடலை. ஜைனுல் ஆபெதீன் பொட்டலம் கட்டற மட்டக் காகிதத்துல கறுப்பு மையில பசித்த ஜனங்களை வரைஞ்சார். சித்தப்ரசாத் மேதினிப்பூர்ல நடந்து பார்த்து வரைஞ்ச 'ஹங்ரி பெங்கால்' சிறு புத்தகத்தை அரசாங்கம் பறிமுதல் செஞ்சு அழிச்சது. பிஜோன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' நாடகம் 1944ல மேடையேறிச்சு. நபான்னன்னா புதுச்சோறு, அறுவடை முடிஞ்சு புது அரிசி பொங்கற நாள். நம்ம பொங்கல் மாதிரின்னு வெச்சுக்கங்க. 2013ல மாநிலத் தலைமைச் செயலகம் ஹௌராவுக்கு மாறினப்ப அந்தக் கட்டடத்துக்கு வெச்ச பேரும் நபான்னதான். சத்யஜித் ராயின் 'அஷனி சங்கேத்' (1973), மிருணாள் சென்னின் 'அகாலேர் சந்தானே' (1980) ரெண்டு படமும் இந்தப் பஞ்சத்தைப் பத்தினதுதான். பிள்ளைங்க கொஞ்சம் வளர்ந்ததும் போட்டுக் காட்டுங்க.

இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதறேன்னா, வெளியூர்ல இருக்கற நாம ஒரு பாஷையை வேலைக்கு வேண்டிய அளவுக்குத்தான் எடுத்துக்கறோம். மெனு கார்டு மாதிரி. என் பிள்ளைங்க வங்காளி நல்லாவே பேசுவாங்க. ஃபேனாவும் தெரியும், ஃபேனும் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த வருஷம் பாடப்புத்தகத்துல ஒரு பத்தியா வந்துட்டுப் போயிடும். வீட்டுல யாராவது சொன்னாத்தான் அது வார்த்தையோட ஒட்டும். இங்கே பிறந்த பிள்ளைங்களுக்கு இந்த ஊர் துக்கமும் கொஞ்சம் சொந்தமாகணும்னு நினைக்கறேன். இந்த ஊர் சோத்தைத்தானே சாப்பிட்டு வளர்றாங்க.

1943ல பத்து வயசா இருந்தவங்களுக்கு இன்னைக்குத் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். கல்கத்தாவுல இருக்கறவங்களுக்கு ஒரு யோசனை. உங்க கட்டடத்துல அந்த வயசுல யாராவது இருந்தா, பஞ்சத்தைப் பத்திக் கேக்காதீங்க. அதைக் கேட்டா அந்தக் காலத்து வைசிராய் பேர்தான் வரும். உங்க வீட்டுல ஃபேனை என்ன செய்வாங்கன்னு மட்டும் கேளுங்க. பிள்ளைங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க.